டைம் புல்லின் மேல் போன வழி

ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவளிடம் யோசனை கேட்பது இப்போது ஹோட்டல்காரர்களுக்கு ஒரு நாகரிகமாகிவிட்டது. நான் வேலை செய்த பங்களா ஹோட்டலில் புதிதாகச் சேர்ந்த தோட்டப் பிரிவுப் பிள்ளைகள் போன மாதம் எனக்குப் போன் எடுத்தார்கள். "அக்கா, புல்லுக்குப் பதிலா தைம் போடுறதுல நீங்கதான் எக்ஸ்பர்ட்டாம். டிப்ஸ் சொல்லுங்க" என்றார்கள். ஹட்டன் பக்கத்தில் தேயிலைத் தோட்ட மேனேஜர்களான துரைகள் இருந்த பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக ஹோட்டலாகிக்கொண்டிருக்கின்றன. எல்லா ஹோட்டலுக்கும் தரையில் படரும் தைம் என்ற மணச்செடி வேண்டுமாம். புல் வெட்டும் மெஷினின் சத்தம் விருந்தாளிகளின் மன அமைதியைக் கெடுக்கிறதாம். கொழுந்து பறிக்கும் பெண்களின் மன அமைதியை அந்த மெஷின் இத்தனை வருடமாகக் கெடுத்ததாக யாரும் முறைப்பாடு செய்ததில்லை.

அவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னேன். நல்ல வெயில் வேண்டும், மண்ணில் சரளை வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. அவர்கள் கேட்காததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராணி. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டினேன். சில வருடம் கொழுந்து பறித்தேன். அப்போதிருந்த துரையின் மனைவி, துரைசானிக்கு ரோஜா மேல் பைத்தியம். கையெழுத்துப் போடத் தெரிந்தவள் என்பதற்காக என்னைப் பங்களாத் தோட்டத்துக்கு எடுத்தார். ரோஜாவுக்கும் கையெழுத்துக்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. துரைகள் மாறினார்கள், ரோஜா மாறியது, நான் மட்டும் அங்கேயே இருந்தேன். பிறகு தோட்டக் கம்பெனி பங்களாவை ஒரு கொழும்பு முதலாளிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. அவர் அதை ஹோட்டலாக்கினார். எனக்குச் சட்டை, தொப்பி, நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பட்டை எல்லாம் வந்தன. பட்டையில் "ஹோர்ட்டிகல்ச்சர் லீட்" என்று போட்டிருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோரும் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்ப நீ இனிமே தோட்டக்காரி இல்லையா?" என்று கேட்டார்கள். சம்பளத்தைப் பார்த்தால் தோட்டக்காரிதான் என்றேன்.

பங்களா இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மேட்டின் உச்சியில் பங்களா. அதற்குக் கீழே சரிவாக இறங்கும் பெரிய புல்வெளி. புல்வெளிக்கு இடது பக்கம் எங்கள் லயங்கள். வலது பக்கம் டிக்கோயாவுக்குப் போகும் மெயின் ரோடு, அதைத் தாண்டினால் ஆற்றோரம் மயானம். லயத்திலிருந்து ரோட்டுக்குப் போக, புல்வெளியின் அடிப்பாகத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பஸ்ஸுக்கு, கடைசியில் மயானத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. பழைய துரைமார் காலத்தில் அந்தப் பாதையில் போகும்போது மழை பெய்தாலும் துரைக்கு மரியாதையாகக் குடையை மடக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் ஒருநாள் அப்படி நனைந்து பார்க்கலாம். ஆனாலும் வழி இருந்தது. அதைவிட்டால் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் போகும் வண்டிப் பாதைதான். அது எங்கெங்கோ வளைந்து போய், மழைக்காலத்தில் எங்கேயாவது ஓரிடத்தில் இடிந்து கிடக்கும்.

ஹோட்டலுக்கு மேனேஜராக வந்தவர் சுரேன். கொழும்புத் தமிழர், வெளிநாட்டில் ஹோட்டல் படிப்பு. முதல் நாளே எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"நாங்க ஒரு ஃபேமிலி. எனக்குத் துரை, சார் எல்லாம் வேண்டாம். சுரேன் என்று கூப்பிடுங்க."

அப்படிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. என் கூட வேலை செய்த காமாட்சி ஒருத்திதான் சொன்னதை நம்பினாள். மறுநாள் காலையில் விருந்தாளிகள் முன்னால், "சுரேன், அந்த வாளிய கொஞ்சம் நவுத்துங்க" என்றாள். அன்று பின்னேரமே எங்களுக்கெல்லாம் மரியாதையான பேச்சுமுறை பற்றி ஒரு வகுப்பு நடந்தது. அதன்பின் அவர் சார் ஆனார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முடியாது என்ற சொல்லும் அவரிடம் கிடையாது. "பார்க்கலாம்" என்பார். வெறும் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்றால், இனிமேல் கேட்கவும் கூடாது என்று அர்த்தம். இதைப் படித்துக்கொள்ள எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. பழைய துரை கத்துவார், கையில் கிடைத்ததை எறிவார். எங்கே நிற்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும். இவரிடம் திட்டு வாங்கினோமா, பாராட்டு வாங்கினோமா என்று வீட்டுக்குப் போய் யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தைம் அவருடைய யோசனை. ஏதோ ஒரு வெளிநாட்டுத் தோட்டத்தின் படத்தைக் காட்டி, முழுச் சரிவிலும் இது படர வேண்டும், ஊதாப் பூ பூக்க வேண்டும், மிதித்தால் மணக்க வேண்டும் என்றார். இங்கிலீஷில் அதை டைம் என்றுதான் சொல்ல வேண்டுமாம். லயத்தில் அது டைம் புல்லு ஆகிவிட்டது.

எங்கள் மழைக்கு இது ஆனி மாதத்தைத் தாண்டாது, வேரோடு அழுகிவிடும் என்று நான் காமாட்சியிடம் அடித்துச் சொன்னேன். "அழுகலன்னா?" என்றாள். "அழுகலன்னா அதையே சம்பல் இடிச்சுத் தின்னுறேன்."

சுரேன் விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் செடியைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வெள்ளைக் காற்சட்டையோடு மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார். பழைய புல்லை வேரோடு நாலு பல் இரும்பு முள்ளால் கிளறி எடுத்தோம். சரிவுக்குக் குறுக்கே தண்ணீர் வடியச் சின்னச் சின்னக் கான்கள் வெட்டினோம். மண்ணில் பாதிக்குப் பாதி சரளையும் ஆற்று மணலும் கலந்தோம். எருவே போடக் கூடாது என்றார், போட்டால் கொழுத்து நீண்டு நடுவில் வழுக்கை விழுமாம். நுவரெலியாவிலிருந்து தட்டுத் தட்டாக நாற்று வந்தது. ஒரு சாண் இடைவெளி விட்டு, கழுத்து மண்ணுக்குள் புதையாமல் நட்டு, கழுத்தைச் சுற்றிப் பொடிக்கல் பரப்ப வேண்டும். மழைத்துளி விழுந்து சேறு தெறித்தால்தான் செடி அழுகும், கல் இருந்தால் தெறிக்காது. செடிகள் ஒன்றோடொன்று கைகோக்கும் வரை களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும். சாக்கை விரித்து முட்டி போட்டு ஆறு பெண்கள் அந்தச் சரிவில் ஒரு வருடம் களை பிடுங்கினோம். முட்டி தேய்ந்ததே தவிர, செடி அழுகவில்லை. ஆனி போய், ஆடி போய், பச்சைப் பாயாக விரிந்து கிடந்தது. ஒருநாள் மத்தியானம் காமாட்சி ரொட்டியோடு தேங்காய்ச் சம்பல் கொண்டுவந்தாள். அதில் தைம் இடித்துப் போட்டிருந்தாள். நான் தின்று முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

பூக்கும் காலம் வந்தது. சரிவு முழுக்க ஊதா நிறம். முதலாளி வந்து படம் எடுத்தார். விருந்தாளிகளுக்குக் காலையில் செருப்பில்லாமல் அதன்மேல் நடக்கும் நிகழ்ச்சி ஒன்று ஆரம்பமானது. மூன்றாம் நாளே ஒரு ஜெர்மன்காரரின் பாதத்தில் தேனீ கொட்டியது. சுரேன் என்னைக் கூப்பிட்டார்.

"ராணி, இந்தத் தேனீ எல்லாம் கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரி ஏதாவது செய்யலாமா? கெஸ்ட் நடந்து முடிஞ்ச பிறகு?"

"சார், அதுங்களுக்குக் காலைல பெரட்டு கிடையாதுங்க. பேர் கூப்பிட்டு அனுப்ப முடியாது."

அவர் சிரித்தார். நெஞ்சில் கை வைத்தார். நடக்கும் பக்கத்தில் இருந்த பூவையெல்லாம் கத்தரித்துவிட்டோம். பூவைப் பார்க்க வந்தவர்கள் மொட்டைப் பச்சையில் நடந்துவிட்டு, ஊதாவைத் தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இனி அந்தப் பாதைக்கு வருகிறேன். படத்தில் பாதை இல்லை. அதனால் சரிவிலும் இருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அதன்மேலும் சரளை கொட்டி நாற்று நட்டோம். இரண்டு பக்கமும் கயிறு கட்டி, மூன்று மொழியிலும் பலகை வைத்தோம். விருந்தாளிகள் மிதிப்பதற்காகவே வளர்த்த செடியை, தயவுசெய்து மிதிக்காதீர்கள் என்று அந்தப் பலகை எங்களைக் கேட்டுக்கொண்டது. கயிற்றைக் கட்டியவள் நான். லயத்து ஆட்கள் தொழிற்சாலையைச் சுற்றி நடந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். யாராவது என்னிடம் கேட்டால், "எங்கிட்ட கேக்காதீங்க, போய் ஃபேமிலிகிட்ட கேளுங்க" என்பேன்.

அடுத்த மழைக்காலத்தில் காமாட்சியின் புருஷன் பெருமாள் அண்ணன் செத்துப்போனார். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்து, நெஞ்சு சளியோடு ஓய்வுபெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அந்த வாரம் விடாமல் மழை பெய்து, வண்டிப் பாதை தொழிற்சாலை வளைவில் சரிந்து கிடந்தது. ஆள் ஏறித் தாண்டலாம், பாடையைத் தூக்கிக்கொண்டு தாண்ட முடியாது. மழை விட்ட அன்று பின்னேரம் எடுப்பதாக முடிவு செய்தார்கள். காமாட்சியின் மூத்த மகன் என்னிடம் வந்தான். "ராணியக்கா, பழைய வழியில போக சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வாங்க."

நான் போனபோது சுரேன் கீழ்ப் புல்வெளியில் மேசை போடச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி வெளிநாட்டுப் பயண ஏஜண்டுகள் சிலரை அழைத்து வந்திருந்தார். வெயில் வந்ததால் தைம் மேலே தேநீர் விருந்து. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, காமாட்சியின்ட ஹஸ்பண்டா? நல்ல மனுஷன்." அவர் கண் உண்மையாகவே கலங்கியது. "பூ வளையம் ஒன்று அனுப்புறேன். ஆனா ராணி, இன்டைக்கு மட்டும் கஷ்டமான நாள். நாளைக்கு வைக்க ஏலாதா?"

"சார், ரெண்டு நாளா வச்சிருக்காங்க."

"அப்ப கொஞ்சம் சுத்திப் போனா?"

"ரோடு இடிஞ்சு கிடக்குங்க. நேத்து உங்க மரக்கறி லொறியே திரும்பிப் போச்சே."

அவர் மேசைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை நெஞ்சுக்குப் போனது. "பார்க்கலாம்" என்றார்.

லயத்துக்குத் திரும்பிப் போனேன். காமாட்சி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். விஷயத்தை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறியதைப் பார்த்து அவளே கேட்டாள்.

"பார்க்கலாம்னுட்டாரா?"

"ஆமா."

"கை எங்க இருந்துச்சு?"

"நெஞ்சுல."

அவள் பெருமாள் அண்ணனின் கால்விரல் கட்டைச் சரிசெய்தபடி சொன்னாள். "இவரு என்னா அவுங்க மேசையில ஒக்காந்து டீயா குடிக்கப் போறாரு? சத்தமில்லாம தாண்டிப் போயிருவாரு. நீ போயி கயித்த அவுரு, ராணி."

ஓய்வுபெற எனக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். இதை வீரக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கயிற்றை நான்தான் கட்டினேன், அந்த முடிச்சு எப்படி அவிழும் என்று எனக்குத்தான் தெரியும். போய் அவிழ்த்தேன். மழையில் இறுகிய ஒரு முடிச்சு அவிழவில்லை, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அறுத்தேன்.

தப்புப் பறையின் சத்தம் முன்னால் வந்தது. எங்கள் லயத்துச் சின்னையா அண்ணன் அடித்துக்கொண்டு வந்தார், பின்னால் பாடை, அதன் பின்னால் ஊரே வந்தது. எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, மெயின் ரோட்டு முச்சந்தி வரைதான். அதுவரை காமாட்சியும் நாங்களும் கூடவே நடந்தோம். மழையில் ஊறியிருந்த தைம் அத்தனை காலிலும் நசுங்கி, அப்படி ஒரு வாசனை எழும்பியது. ஒரு வருடம் முட்டி போட்டு வளர்த்தும், அது இவ்வளவு மணக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

சுரேன் சரிவில் பாதி தூரம் ஓடி வந்துவிட்டார். கையைக்கூடத் தூக்கிவிட்டார். அப்போது மேலே கை தட்டும் சத்தம் கேட்டது.

விருந்தாளிகள் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். போன்களை உயர்த்திப் படம் பிடித்தார்கள். ஒருவர் தப்புத் தாளத்துக்குத் தோளைக் குலுக்கினார். சுரேனின் கை காற்றில் நின்றது. பிறகு மெல்ல அது வரவேற்கும் கையாக மாறியது. ஊர்வலத்தை அவரே ஏற்பாடு செய்தவர்போல விருந்தாளிகள் பக்கம் திரும்பித் தலையசைத்தார். ஒரு மனிதனின் கை இவ்வளவு வேகமாக வேலை மாறியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முச்சந்தியில் பாடையை அனுப்பிவிட்டுப் பெண்கள் திரும்பினோம். வேறு வழி இல்லாததால் அதே வழியாகத்தான் வந்தோம். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா சிரித்த முகத்தோடு இறங்கி வந்து, காமாட்சியின் முன்னால் நின்று ஏதோ கேட்டார்.

"என்னா கேக்குறாங்க?" என்றாள் காமாட்சி.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "இது என்ன திருவிழான்னு கேக்குறாங்க."

காமாட்சி அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "எம் புருஷன் செத்த திருவிழான்னு சொல்லு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அப்படியே சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பி மேலே பார்த்து என்னவோ கத்தினார், கை தட்டல் நின்றது. அவர் காமாட்சியின் கையைப் பிடிக்க வந்தார். காமாட்சி பிடிக்க விட்டாள். பின்னால் சுரேன் மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், விருந்தாளிகளிடம்.

மறுநாள் விசாரணை. "கயிற்றை யார் அவிழ்த்தது?" என்றார். நான் என்றேன். "எனக்குக் கோபம் இல்லை ராணி, வருத்தம்தான்" என்றார். என்னை வேலையிலிருந்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்து அரிசிச் சாமானைக்கூடக் குறைத்து வாங்கினேன். ஆனால் அடுத்த கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஏஜண்டுகள் ஊருக்குப் போய் இந்த ஹோட்டலைப் புகழ்ந்து தள்ளியிருந்தார்களாம். முதலாளிக்குப் பெரிய சந்தோஷமாம்.

"சனிக்கிழமைகள்ல அப்படி ஒரு ஊர்வலம் வைக்கலாமா என்று யோசிக்கிறோம். தப்பு, பூ, எல்லாம். மரியாதையாத்தான்."

"பாடையில யாரு சார் படுக்குறது?"

"வெறுமையா வந்தாலும் பரவாயில்லை" என்றார், நான் நிஜமாகவே கேட்டதாக நினைத்து.

சின்னையா அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் தப்பைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். "வெறும் பாடைக்கு அடிக்க மாட்டேன்னு சொல்லு. யாரையாச்சும் படுக்க வச்சா யோசிக்கலாம், மொதல்ல அவரையே கேட்டுப் பாரு" என்றார். முதல் பாதியை மட்டும் கொண்டுபோய்ச் சொன்னேன்.

ஊர்வலம் நடக்கவில்லை. ஆனால் அறுந்த கயிறும் மறுபடி கட்டப்படவில்லை. விருந்தாளிகளுக்கு ஊர்க்காரர்கள் நடமாடுவது பிடித்திருக்கிறது என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். மிதிபட்ட கோட்டில் தைம் கருகிப்போனது. நான் மறுபடி நட்டேன், மறுபடி கருகியது. லேசான மிதியைத் தாங்கும், ஒரு தோட்டமே வேலைக்குப் போகும் மிதியைத் தாங்காது. கடைசியில் தட்டைக் கற்கள் பதித்து, இடையில் தைம் விட்டோம். பாரம்பரிய நடைபாதை என்று புதுப் பலகை வந்தது. எங்கள் வழி எங்களுக்குத் திரும்பி வந்துவிட்டது. அதில் நடந்தால் படம் எடுக்கிறார்கள். ஜீன்ஸ் போட்டு ஹட்டன் போன் கடைக்கு வேலைக்குப் போகும் பையன்களை எடுப்பதில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னால் சின்னையா அண்ணனின் அக்கா இறந்தார். நல்ல வயது. செய்தி கேட்ட சுரேன் பூ வளையத்தோடு ஒரு ஆளை அனுப்பினார். அந்த ஆள் அனுதாபம் சொல்லிவிட்டு, "எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" என்று கேட்டான். வாசலில் நின்ற காமாட்சி, "பின்னேரம், டீ நேரத்துக்கு" என்றாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

மத்தியானம், விருந்தாளிகள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்தார்கள். சாவு வீட்டில் காலையிலிருந்தே தப்பு அடித்துக்கொண்டிருந்ததால், லயத்திலிருந்து புல்வெளி ஓரம் வரை அது முழங்கியதை ஹோட்டலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கல் பாதையில் கால் வைத்ததும் சின்னையா அண்ணன் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கூடப்பிறந்த அக்காவுக்குக்கூட அவர் அடிக்காமல் நடந்தார், விருந்தாளிகளுக்கு அது வேடிக்கை ஆகக் கூடாதென்று. மெயின் ரோட்டில் கால் வைத்த பிறகுதான் மறுபடி அடித்தார், நன்றாக ஓங்கி அடித்தார்.

காமாட்சியும் நானும் முச்சந்தியிலிருந்து திரும்பி, குளித்து, சட்டை மாற்றி, பின்னேர வேலைக்குப் போனோம். சரிவில் நாற்காலிகள் இரண்டு வரிசையாக, பாதையைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தன. வெள்ளை விரிப்பு, கேக், தேநீர்க் கோப்பைகள். விருந்தாளிகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுரேன் மணிக்கூட்டையும் லயத்துப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காமாட்சி கத்தரிக்கோலோடு அவரிடம் போய் நின்றாள்.

"சார், அவுங்க அப்பவே போயிட்டாங்க. இந்தக் கதிரைங்கள கொஞ்சம் எடுத்தீங்கன்னா, மிதிபட்டத நான் வெட்டி விட்டுருவேன்."